வீட்டில் கட்டிய விமானத்தை வான்தகுதிச் சோதனைக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்ஏஏவின் விதிகளின்படி தம் கையால் விமானம் கட்டி, பரிசோதனை வகைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தை எட்டியவர்களுக்காக, என் விமானத்திற்குச் சான்றிதழ் கிடைத்த கையோடு இதை எழுதுகிறேன். ரிவெட் அடிப்பதையும் வயரிங்கையும் இங்கே தொடவில்லை. அவற்றைக் கடந்துதான் இந்தக் கட்டத்திற்கு வந்திருப்பீர்கள்.

முதல் வேலை பதிவு. கட்டுமானம் முடியட்டும் என்று காத்திராமல், படிவம் 8050-1, நோட்டரி சான்றிட்ட உரிமை உறுதிமொழியான 8050-88, கிட் எனும் விமானப் பாகத் தொகுப்பை விற்ற நிறுவனத்தின் விற்பனைப் பத்திரம் ஆகியவற்றை ஓக்லஹோமா சிட்டியிலுள்ள பதிவகத்திற்கு அனுப்பிவிடுங்கள். பதிவு முடியாமல் வான்தகுதி விண்ணப்பம் நகராது.

அடுத்தது அடையாளத் தகடு. பெரும்பாலான தாமதங்கள் இங்கேதான் தொடங்குகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தீயில் அழியாத உலோகத்தில் கட்டியவர் பெயர், மாடல், வரிசை எண் ஆகியவற்றைப் பொறித்து இத்தகட்டை விமானத்தில் பொருத்த வேண்டும். தயாரிப்பாளர் என்ற இடத்தில் வர வேண்டியது கிட் நிறுவனத்தின் பெயரன்று, கட்டிய உங்கள் பெயர். பதிவுச் சான்றில் உள்ள பெயர், இனிஷியல், மாடல் பெயரிலுள்ள சிறு கோடு வரை அனைத்தும் தகட்டிலும், விண்ணப்பமான 8130-6இலும், தகுதி அறிக்கையான 8130-12இலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் 'ஆர்வி-7' என்றும் இன்னோரிடத்தில் 'ஆர்வி7' என்றும் இருந்தால், எத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்தாலும் ஆய்வாளர் கையெழுத்திடத் தயங்குவார். ஆகவே பதிவுச் சான்று வந்த பிறகே தகட்டைப் பொறிக்கக் கொடுங்கள்.

விமானத்தின் பெரும்பகுதியை நீங்களே கட்டியதற்குக் கட்டுமானக் குறிப்பேடே ஆதாரம். தேதியிட்ட குறிப்புகளும், வேலை செய்யும் நீங்களே தென்படும் படங்களும் அதில் இருக்கட்டும். கணினியில் மட்டும் வைத்திராமல் அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்க்க, சக்கரத்திற்கொன்றாக வைக்கும் மின்னணுத் தராசுகளையே பரிந்துரைப்பேன். வீட்டுத் தராசுகளை நான் நம்புவதில்லை. விமானத்தை மட்டமாக நிறுத்தி, எண்ணெய் நிரப்பி, பயன்படுத்த இயலாத எரிபொருளை மட்டும் விட்டு எடை எடுங்கள். ஒவ்வொரு எடையையும் குறிப்புப் புள்ளியிலிருந்து அதற்குள்ள தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். வெற்று விமானத்திற்கு மட்டுமன்றி, மையம் மிக முன்னே வரும் சுமைக்கும் மிகப் பின்னே போகும் சுமைக்கும் கணக்கிட்டு வையுங்கள்.

எரிபொருள் ஓட்டச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மூக்கை மிகச் செங்குத்தான ஏற்றக் கோணத்திற்கு உயர்த்தி, இன்ஜின் முனையில் குழாயைக் கழற்றி அளந்து பார்க்க வேண்டும். புறப்பாட்டின்போது தேவைப்படும் அளவில், ஈர்ப்பால் பாயும் அமைப்பு 150 விழுக்காடும், பம்ப் வைத்த அமைப்பு 125 விழுக்காடும் தர வேண்டும். முடிவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இன்ஜின் பறப்பில் நின்றுபோகும் ஆபத்தைத் தரையிலேயே தடுப்பது இச்சோதனை என்பதால், ஆய்வாளர் கேட்காவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஆய்வன்று கௌலிங் எனும் இன்ஜின் உறை, ஆய்வு மூடிகள், இருக்கைகள், தரைப் பலகைகள் ஆகியவை கழற்றியே இருக்கட்டும். நட்டும் போல்ட்டும் கழலாமல் பூட்டும் கோட்டர் பின், சேஃப்டி வயர், மற்றும் உராயும் குழாய்கள் ஆகியவற்றை ஆய்வாளர் கண்ணால் காண வேண்டும். குறித்த முறுக்கு விசையில் இறுக்கிய (டார்க் செய்த) ஒவ்வொரு நட்டிலும் வண்ணக் கோடிடுங்கள். கட்டுப்பாட்டு ஸ்டிக்கை வலப்புறம் சாய்த்தால், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் பலகையான எய்லரான் வலப்பக்கத்தில் உயர்கிறதா என்பதை இன்னொருவரை வெளியே நிறுத்திச் சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை. எஃப்ஏஏ ஆய்வாளர் கட்டணம் பெறுவதில்லை. டிஏஆர் எனும் நியமனப் பிரதிநிதி கட்டணம் பெறுவார். நாள் விரைவாகக் கிடைத்தால் அவரையே அழைக்கலாம் என்பது என் கருத்து. நுழைவிடத்தருகே 'எக்ஸ்பெரிமென்டல்' என்னும் சொல் குறைந்தது 2 அங்குல எழுத்தில் இருக்க வேண்டும். அதிகபட்சப் பயண வேகம் 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்) அளவுக்கு மிகாவிட்டால் பதிவெண்ணுக்கு 3 அங்குல உயரம் போதும். மிகுந்தால் 12 அங்குலம் தேவை.

சான்றிதழோடு பறப்பு வரையறைகளும் தரப்படும். முதற்கட்டச் சோதனைப் பறப்பு வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம். சான்றுபெற்ற இன்ஜின்–புரொபெல்லர் இணை என்றால் 25. அந்த எண்ணையும், பறக்க அனுமதித்த பகுதியையும், உங்கள் பதிவெண்ணையும் ஆய்வாளர் புறப்படுமுன் அவர் எதிரிலேயே வரிவரியாகப் படித்துப் பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இரு தாள்களும் பறக்கும்போது விமானத்திலேயே இருக்க வேண்டும்.