காலுக்குத் தரை தெரியாதபோது: மூளை முடக்குவாதத்தில் நாம் செய்கிற தவறுகள்

"காலுக்கு வலு பத்தல சார், எண்ணெய் தேச்சு நீவிக்கிட்டுதான் இருக்கோம்." மண்டபம், பாம்பன் பக்கமிருந்து, மூளை முடக்குவாதம் (செரிபரல் பால்சி, அதாவது சின்ன வயதிலேயே மூளை பாதிக்கப்பட்டு அசைவு கட்டுக்குள் வராமல் போவது) உள்ள பிள்ளையைத் தூக்கி வருகிற அம்மாக்கள் பேச்சைத் தொடங்குவதே இப்படித்தான். பிசியோதெரபி செய்கிற நானும் சில வருடம் தசையை மட்டும்தான் பார்த்தேன். அந்தக் காலுக்குத் தரை தெரிகிறதா என்று கேட்கவே இல்லை.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் திடீரென்று கூடுதலாக நொண்டினான். "எங்கடா வலிக்குது?" என்றால் முழங்காலைத் தடவினான். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே முறிந்து நிற்கிறது ஒரு கருவேல முள்.

மூளையில் அசைவுக்கான பாதை பழுதாகும்போது உணர்வைக் கொண்டுபோகும் பாதையும் சேர்ந்தே பழுதாகலாம். பாதம் எதில் படுகிறது, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதெல்லாம் பலருக்கு மங்கலாகத்தான் எட்டும். அதைக் கண்ணால் ஈடுகட்டுகிறார்கள். பகலில் முற்றத்தில் நன்றாக நடக்கிற பிள்ளை, கரண்ட் போனதும் சுவரைத் தேடுவது அதனால்தான். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாமல், கழிப்பறைக்குப் போகிற வழியில் இரவு விளக்கு ஒன்று போடுங்கள்.

"குனியாம நிமிந்து நட" என்று அதட்டுவதும் இதே வகைத் தவறு. காலைப் பார்த்து நடக்கிறவனிடமிருந்து கண்ணையும் பிடுங்கினால் அவனுக்கு என்ன மிச்சம்? பிடிமானம் கொடுத்து, சமதரையில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தலையை நிமிர்த்தப் பழக்க வேண்டும்.

மணலில் நடந்தால் கால் உரமாகும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. காய்ந்த மணல் காலடியில் சரியும். உணர்வு மங்கிய பாதத்துக்கு அதில் எதுவுமே பிடிபடாது. உச்சிவெயிலில் பாதம் கொப்பளித்தாலும் உடனே தெரியாமல் போகலாம். பெண்கடல் (அலை அதிகமில்லாத பாக் நீரிணைப் பக்கம்) ஓரத்து இறுகிய ஈர மணலில், காலை வேளையில் தொடங்குங்கள். ஆனால் அலையில் நிறுத்தாதீர்கள். தண்ணீர் பின்வாங்கும்போது தரையே நகர்வதுபோல நமக்கே தோன்றும். கண்ணை நம்பி நிற்கிறவன் அப்படியே சாய்ந்துவிடுவான்.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடிவிட்டு வருகிறவர்களின் ஈரம் சொட்டுகிற கல்தரையும் அப்படித்தான். அங்கே பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். இழுத்தால் உடம்பு ஒருபக்கமாகக் கோணும். உங்கள் முன்கையை நீட்டுங்கள், பிடியை அவன் வைத்துக்கொள்ளட்டும்.

கண், காது இரண்டையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாறுகண் இவர்களிடம் சகஜம்.

கடைசியாக ஸ்பிளிண்ட், அதாவது காலைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்க மாட்டுகிற சட்டம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையவில்லை என்றால் அதை மறுபடி மாட்டாமல், செய்து கொடுத்தவரிடம் எடுத்துப் போங்கள். வலித்தால் சொல்லுவான் என்று காத்திருக்க வேண்டாம்.