பெயர் பொறித்த பேஸ் கிட்டார்: எதைப் பார்த்து வாங்கலாம், எதை நாமே மாற்றலாம்

ஜாஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் பேஸையும், ‘ரஷ்’ ராக் குழுவின் கெடி லீயின் பேஸையும் அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டும் ஃபெண்டர் நிறுவனத்தின் ‘ஜாஸ் பேஸ்’ மாடல். மில்லருடையது 1977-இல் செய்தது. லீயுடையது 1972-இல் செய்தது, அமெரிக்காவின் கலமசூ ஊரில் ஓர் அடகுக் கடையில் 200 டாலருக்கு வாங்கியது. இரண்டிலும் மேப்பிள் மரத்தில் நெக், அதாவது தந்திகள் ஓடும் கழுத்துப் பகுதி. இரண்டிலும் ஃபெண்டர் கொடுத்த பிரிட்ஜை, அதாவது உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதியை, கழற்றிவிட்டு ‘பேட்ஆஸ்’ என்ற கனமான பிரிட்ஜைப் போட்டிருக்கிறார்கள். 1990-களின் கடைசியில் ஃபெண்டர் இருவர் பெயரிலும் ஆளுக்கொரு சிக்னேச்சர் மாடலை, அதாவது கலைஞர் பெயர் பொறித்த பேஸை, விற்கத் தொடங்கியது.

இப்போது இருவர் வாசிப்பதையும் கேளுங்கள். மில்லர் கட்டைவிரலால் அடித்தால் சில்லென்று தெறிக்கும், அடியில் பஞ்சு மெத்தை போல ஒரு கனம் இருக்கும். லீ வாசித்தால் கரகரவென்று உறுமும். மரம், பிரிட்ஜ், மாடல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இது தெரிந்தால் சிக்னேச்சர் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்காக என்றும் தெரிந்துவிடும்.

என் கணக்கு எளிமையானது. பிறகு மாற்ற முடியாததைப் பார்த்து வாங்க வேண்டும். மாற்ற முடிந்ததை வீட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: கடைக்கு ஓர் அளவுகோலோடு போங்கள்

முதலில் நெக். நட் என்பது தலைப்பகுதியில் தந்திகள் உட்காரும் சிறிய வெள்ளைத் துண்டு. அந்த இடத்தில் ஜாஸ் பேஸ் சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸ் வகைகள் 41-இல் தொடங்கி 44 வரை போகும். எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் ஒரு மணி நேரம் வாசித்த பிறகு இடது மணிக்கட்டு உங்களிடம் உண்மையைச் சொல்லும். கெடி லீ மாடலைப் பலர் தேடி வாங்குவதற்கு அவர் மேல் உள்ள பக்தி ஒரு காரணம் என்றால், அதன் மெல்லிய நெக் இன்னொரு காரணம்.

அடுத்தது தந்தி நீளம். வழக்கமான பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். கை சிறியது என்றால் 30 அங்குல மாடல்களும் இருக்கின்றன, வெட்கப்படாமல் எடுத்துப் பாருங்கள். அப்புறம் எடை. தோளில் மாட்டி ஐந்து நிமிடம் நில்லுங்கள். தலைப்பக்கம் தானாகக் கீழே சரிந்தால் அந்த பேஸ் உங்கள் இடது கையைத் தூணாகப் பயன்படுத்தப் போகிறது என்று அர்த்தம்.

படி 2: பிக்கப் எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள்

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். அதை மாற்றலாம். அது உட்கார்ந்திருக்கும் குழியை, மரத்தைக் குடையாமல் மாற்ற முடியாது. அதனால் பிக்கப் என்ன பிராண்டு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் வாங்கும்போது முக்கியம்.

ஒரு துணிக்கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடித்து ஆட்டினால் அகலமாக ஆடும், கட்டிய முனைக்கு அருகில் அசைவே குறைவு. தந்தியும் அப்படித்தான். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் பிக்கப்புக்கு அடிநாதம் குறைவாகவும் மேல் அதிர்வுகள் கூடுதலாகவும் கிடைக்கும். அதனால் ஒலி மூக்கால் பேசுவது போல, கூர்மையாக வரும். பிரிட்ஜிலிருந்து விலக விலக ஒலி உருண்டையாகும். 1957-இலிருந்து பிரிசிஷன் பேஸில் இருக்கும் இரண்டு துண்டு பிக்கப் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. அந்த உருண்டை ஒலிக்கு அதுவே பாதிக் காரணம்.

ஜாஸ் பேஸுக்குள்ளேயே ஒரு சூட்சுமம் உண்டு. 1970-களில் ஃபெண்டர் பின்பக்க பிக்கப்பைப் பிரிட்ஜை நோக்கிச் சுமார் 10 மில்லிமீட்டர் நகர்த்தியது. மில்லரின் 1977 பேஸ் அந்த வகை. அந்தத் தெறிப்பு வேண்டும் என்பவர்கள், இரண்டு பிக்கப்புகளின் மையத்துக்கும் மையத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 91 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் 60-களின் இடைவெளி, 101 அளவில் இருந்தால் 70-களின் இடைவெளி. மாடலின் பெயரை நம்பாமல் டேப்பை நம்புங்கள்.

வாங்கும் வேலை இத்துடன் முடிந்தது. இனி எல்லாம் வீட்டு வேலை.

படி 3: முதலில் தந்தியை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு

புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பில் பிக்கப் வாங்குவார்கள். எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு செலவில் ஒரு தந்தி செட் அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொடுக்கும்.

மோடவுன் இசைக்கூடத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலி பெரும்பாலும் தந்தியில் இருந்தது. அவருடைய 1962 பிரிசிஷன் பேஸில் லா பெல்லா நிறுவனத்தின், தட்டையான கம்பி சுற்றிய தந்தி, ஃப்ளாட்வூண்ட் என்பார்கள். தடிமன் 52-இலிருந்து 110 வரை. இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிப்பவை. சாதாரண செட் 45-இலிருந்து 105 வரை இருக்கும். அறுந்தால் ஒழிய அவர் தந்தியை மாற்றவே மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு நுரைத்துண்டு வேறு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசிப்பார். அந்த பேஸ் 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருட்டுப் போய்விட்டது. ஆனால் அவர் பெயரிலான தந்தி செட்டை லா பெல்லா இன்றும் விற்கிறது. சிக்னேச்சர் பொருள்களிலேயே விலைக்கேற்ற பலன் தருவது என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

அந்த நுரைத்துண்டை இன்றே முயன்று பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் பிரிட்ஜுக்கு முன்னால் தந்திகளுக்கு அடியில் செருகுங்கள். நாதம் நீளாமல் ‘தும்’ என்று முடியும். செலவு பத்து ரூபாய், பிடிக்கவில்லை என்றால் உருவி எறியலாம்.

ஃப்ளாட்வூண்ட் என்றாலே மந்தமான ஒலி என்று நினைக்க வேண்டாம். அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பதும் ஃப்ளாட்வூண்ட்தான். ரோட்டோசவுண்ட் என்ற தந்தி நிறுவனம் அவர் பெயரில் 50-இலிருந்து 110 வரையிலான செட் விற்கிறது. அவர் விரல் வேகமும் நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் தந்தி மோதும் சத்தமும் சேர்ந்து குதிரை ஓடுவது போல் கேட்கும். லீயின் உறுமலுக்கோ அதே ரோட்டோசவுண்டின் ‘ஸ்விங் பேஸ் 66’, உருண்டையான ஸ்டீல் கம்பி சுற்றிய ரவுண்ட்வூண்ட். 45-105 செட்.

படி 4: செட்டப்

தந்தியின் தடிமன் மாறினால் இழுவிசை மாறும், நெக் வளையும். ஆகவே தந்தி மாற்றியதும் செட்டப் கட்டாயம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருந்தால், தந்தியைத் தொடாவிட்டாலும் மழைக்காலத்துக்கு ஒரு முறை, கோடைக்கு ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஈரப்பதத்துக்கு மரம் அசையும்.

வரிசை முக்கியம். முதலில் நெக், அப்புறம் தந்தி உயரம், கடைசியில் ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. தலைகீழாகச் செய்தால் மூன்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

வாசிக்கும் சுருதிக்குத் தந்திகளை ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கை போதவில்லை என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டலாம். இப்போது ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு நல்ல விசிட்டிங் கார்டின் தடிமன் அவ்வளவு இருக்கும். இடைவெளி அதிகமாக இருந்தால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியை வலப்பக்கம் திருப்பி இறுக்குங்கள். இடைவெளியே இல்லை என்றால் இடப்பக்கம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு மறுபடி சுருதி சேர்த்து அளங்கள். சாவி சுலபமாகத் திரும்பவில்லை என்றால் வீரம் காட்டாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். ராட் உடைந்தால் போவது நெக்.

அடுத்து உயரம். பதினேழாவது ஃப்ரெட்டில் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் ஃப்ரெட்டின் மேற்பக்கத்துக்கும் உள்ள தூரம், தடித்த தந்திக்கு 2.4 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துத் தொடங்குங்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சேடிலின் சிறு திருகுகளை அதற்கான ஆலன் சாவியால் திருப்ப வேண்டும். மென்மையாக வாசிப்பவர் இதைவிடத் தாழ்த்தலாம். அடித்து வாசிப்பவர் தாழ்த்தினால் ஃப்ரெட்டில் மோதி இரையும். ஆனால் அந்த இரைச்சலே வேண்டும் என்பவர்களும் உண்டு, ஹாரிஸைப் போல.

கடைசியாக ஃப்ரெட் சுருதி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் விரலை லேசாகத் தொட்டு ஹார்மானிக், அதாவது மெல்லிய மணியொலி, எடுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது ஏறிக் காட்டினால் சேடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கிக் காட்டினால் நெக்கை நோக்கித் தள்ளுங்கள்.

இந்த நான்கு படிகளோடு பலருக்குத் திருப்தி வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: பிக்கப் மாற்றுவது

ஜாஸ் பேஸுக்கு வாங்கும் முன் பிக்கப் மூடியின் நீளத்தை அளங்கள். ஃபெண்டர் முறையில் நெக் பக்கத்து பிக்கப் பின்பக்கத்ததைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை. விலை குறைந்த பல பேஸ்களில் இரண்டும் ஒரே நீளம். பார்க்காமல் வாங்கினால் ஒன்று குழிக்குள் இறங்காது.

தேவையானவை: 40 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ், ஒரு செல்போன். செல்போன் எதற்கு என்றால், எந்த வயரையும் தொடும் முன் உள்ளே இருப்பதை மூன்று கோணங்களில் படம் எடுத்துக்கொள்ள. தந்திகளைத் தளர்த்தி, கன்ட்ரோல் தட்டின் திருகுகளைக் கழற்றித் திருப்புங்கள். ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் இரண்டு வயர்கள் வரும். ஒன்று அதன் வால்யூம் கன்ட்ரோலின் காலுக்கு, மற்றது அதன் முதுகில் பற்றவைத்த எர்த்துக்கு. பழையதை உருகவைத்து எடுத்து, புதியதை அதே இடத்தில் வையுங்கள். முதுகில் பற்றவைக்கச் சூடு அதிகம் வேண்டும். அங்கே ஈயம் பந்தாக உருண்டு நின்றால் ஒட்டவில்லை என்று பொருள். பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயரை அறுத்துவிடாதீர்கள். அறுந்தால் தந்தியைத் தொட்டாலும் அடங்காமல் ‘ங்ங்’ என்று இரையும்.

முதல் தடவை இதைச் செய்துவிட்டு நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒவ்வொரு பிக்கப்பும் தனியாக அருமையாகக் கேட்டது. இரண்டையும் முழுக்கத் திறந்தால் கீழ் ஒலி காணாமல் போய், தகர டப்பா மாதிரி இருந்தது. முழு பேஸையும் பிரித்து மேய்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டும் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டிருந்தன. ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. ஒரே நிறுவனத்தின் ஜோடி செட்டாக வாங்கினால் இந்தத் தொல்லை வராது. நான் இரண்டு நிறுவனங்களைக் கலந்திருந்தேன்.

மூடும் முன் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, தடித்த தந்திக்கு அடியில் 3 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 2 என்று தொடங்குங்கள். மிகவும் நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து சுருதியைக் குழப்பும்.

படி 6: பிரீஆம்ப் வேண்டுமா?

முதலில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பாதி விடை இருக்கிறது. நியூயார்க்கில் கிட்டார் செய்பவரான ரோஜர் சடோவ்ஸ்கி, மில்லரின் பேஸுக்குள் ஒரு பிரீஆம்பைப் பொருத்தினார். அடி ஒலியையும் மேல் ஒலியையும் கையருகே கூட்டிக்கொள்ளும் வசதி அது. நடு ஒலி பின்வாங்கியதும் அந்தச் சில்லிடும் தெறிப்பு வந்தது. லீயின் உறுமலுக்கு பேஸுக்குள் எதுவும் இல்லை. அவர் விரல் நகத்தால் ஓங்கி வாசிப்பதும், ஒலிபெருக்கியான ஆம்பை முறுக்குவதும்தான். எனவே லீ மாதிரி வேண்டும் என்பவர் பேஸுக்குள் எதையும் பொருத்த வேண்டாம், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று போதும்.

மில்லர் மாதிரி வேண்டும் என்றால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் ஒன்றைப் பொருத்தலாம். பேட்டரிக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஜாஸ் பேஸின் குழி குறுகலானது. கேபிள் செருகும் ஜாக்கை ஸ்டீரியோ ஜாக்காக மாற்ற வேண்டும். பேட்டரியின் கறுப்பு வயர் அதன் நடுக் காலில் போகும், கேபிள் செருகினால்தான் மின்சாரம் ஓடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காவிட்டால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். வயர் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு, மில்லர் பெயரில் சைர் நிறுவனம் விற்கும் பல பேஸ்களில் பிரீஆம்ப் உள்ளேயே வருகிறது, ஒரு சுவிட்சைத் தட்டி அதை அணைக்கவும் செய்யலாம்.

பிரிட்ஜும் ஃப்ரெட்டும்

கனமான பிரிட்ஜ் பற்றி நிறையச் சொல்வார்கள். மில்லரும் லீயும் ஒரே பிரிட்ஜை வைத்துக்கொண்டு இரண்டு திசையில் ஒலிப்பதைக் கேட்ட பிறகு, எனக்கு அதில் காசு போட மனம் வரவில்லை. பழைய பிரிட்ஜ் துருப்பிடித்துத் திருகு அசையவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

ஃப்ரெட்டைப் பிடுங்கும் ஆசை, ஃப்ரெட் இல்லாத பேஸுக்குப் பெயர்பெற்ற ஜேக்கோ பாஸ்டோரியஸைக் கேட்ட எல்லாருக்கும் ஒரு நாள் வரும். அவருடைய 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகளை எடுத்து, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசியிருந்தார். நீங்கள் பிடுங்கினால் ஃப்ரெட்டோடு மரச் சிம்பும் சேர்ந்து வரும், திரும்பிப் போக வழியில்லை. ஜாஸ் பேஸின் நெக் பெரும்பாலும் நான்கு திருகில் நிற்கிறது. ஃப்ரெட் இல்லாத நெக் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிப் பாருங்கள். கழற்றிய நெக்கில் தந்தி இழுவை இருக்காது, ஆகவே ட்ரஸ் ராடைத் தளர்த்திவிட்டுத்தான் உறையில் போட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் அது பின்பக்கமாக வளைந்து நிற்கும்.