சமூகக் கல்லூரிக் குறுகியகாலப் பயிற்சி: தனியாகப் போகாதீர்கள்

மலேசியாவில் நமக்கேது கோடைக்காலம்? பள்ளி விடுமுறைதான் கணக்கு. அந்த நேரத்தில் பெரியவர்களும் ஏதாவது கற்கலாம். 2001 முதல் நாட்டில் அரசாங்கத்தின் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் ஒன்று உண்டு. கேக், தையல், கணினி என்று ஓரிரு நாள் பயிற்சிகள். கட்டணம் குறைவு. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் பெரும்பாலும் கேட்பதில்லை, மைகாட் (அடையாள அட்டை) போதும்.

ஆனால் ஒன்று: போதிய ஆள் சேராவிட்டால் வகுப்பு தள்ளிப்போகும், சில சமயம் ரத்தே ஆகிவிடும். செம்பனைத் தோட்டத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவருக்கு ஒருநாள் சம்பளம் போனதுதான் மிச்சம். அதனால் தோட்ட வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்திலோ கோயிலிலோ பேசி, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கல்லூரிக்குப் போன் செய்யுங்கள். கும்பலாகக் கேட்டால் உங்களுக்குத் தோதான சனி, ஞாயிறையே கேட்டுப் பார்க்கலாம். முதல் நாளுக்கு முன் “வகுப்பு உறுதிதானே?” என்று இன்னொரு முறை கேட்டுவிடுங்கள்.

பாடம் மலாயில்தான் நடக்கும். மலாய் தடுமாறும் அக்காமார் பக்கத்தில் பேசத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் சரி.

அப்புறம், ரசீதைத் தொலைக்காதீர்கள். திறன் மேம்பாட்டுத் துறை அங்கீகரித்த பயிற்சியாக இருந்தால், வரி கட்டுகிறவர்கள் வருமான வரியில் கழிவு கேட்கலாம்.