கம்பெனிக்குள் ஒரு ரொட்டித் துண்டு

ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கம்பெனி' என்று யாராவது சொன்னால், தொழில் தொடங்கிவிட்டாரோ என்று வாழ்த்திவிடாதீர்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், அல்லது கூட ஆள் இருக்கிறது என்றுதான் பொருள். நடுவில் 'எ' சேர்த்து 'ஐ ஹேவ் எ கம்பெனி' என்றால்தான் சொந்த நிறுவனம். ஒரே ஒரு எழுத்து! எழுதும்போது இதை மட்டும் கவனித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

சொல்லின் பிறப்பு இன்னும் சுவையானது. லத்தீனில் 'கொம்' என்றால் சேர்ந்து, 'பானிஸ்' என்றால் ரொட்டி. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்தான் கூட்டாளி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது தோழமை, கூட்டம் என்ற பொருள்களே இருந்தன. வணிகப் பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. 'கம்பேனியன்' (தோழர்), 'அக்கம்பனி' (உடன் செல்வது) இரண்டும் இதே வேர்தான்.

1600-இல் அரச சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியை நம் முன்னோர் 'கும்பினி' என்றார்கள். நாட்டையே விழுங்கியவர்களுக்கு ரொட்டி பகிரும் பெயர்! அப்புறம் நாடகக் குழுவும் 'நாடகக் கம்பெனி' ஆனது. ராணுவத்தில் கம்பெனி என்பது பட்டாலியன் என்ற பெரிய படைப்பிரிவுக்குக் கீழே உள்ள பிரிவு. பெரும்பாலும் நூற்றுச் சொச்சம் வீரர்கள் இருப்பார்கள்.

'டீ குடிக்கப் போறேன், கம்பெனி குடு' என்று நண்பரை இழுத்துக்கொண்டு போகிறோமே, சொல்லின் பழைய பொருளுக்கு மிக நெருக்கமானது அதுதான். என்ன, ரொட்டிக்குப் பதில் வடை.