மூன்கேக் பண்டிகை: அடுப்படி வேலையை முந்தின நாளே முடித்துவிட்டு நிலா பார்க்க உட்காருவது எப்படி?

சீன நாட்காட்டியில் எட்டாம் மாதம் 15-ஆம் நாள் நடு இலையுதிர்கால விழா. மூன்கேக் பண்டிகை என்றால் சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். மூன்கேக் என்பது உள்ளே பூரணம் வைத்து அச்சில் அழுத்திய பலகாரம். 2026-இல் செப்டம்பர் 25, 2027-இல் செப்டம்பர் 15 அன்று வருகிறது. சீனாவில் 2008 முதல் இது அரசு விடுமுறை. ஹாங்காங்கில் மறுநாள்தான் விடுமுறை. கொண்டாட்டமே இரவில் என்பதால் அதுதான் சரியான ஏற்பாடு என்பேன்.

குடும்பமும் நண்பர்களும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நிலா தெரியும் இடத்தில் உட்கார்ந்து மூன்கேக்கை வெட்டிப் பகிர்வதுதான் விழாவின் சாரம். அதனால் சமையலை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

முந்தின நாள்: மூன்கேக்

தென்சீனாவின் கான்டனீஸ் பாணி மூன்கேக்கை ஓவனில் சுட வேண்டும், அதற்குத் தனிப் பாகும் காரநீரும் (lye water) தேவை. முதல் முறை செய்பவர்களுக்கு அது வேண்டாம். ஹாங்காங்கில் பிரபலமான ‘பனித்தோல்’ மூன்கேக்குக்கு இட்லிப் பானை போதும். 50 கிராம் அச்சில் சுமார் 12 வரும்.

தோலுக்கு: பசையரிசி மாவு (மலேசியாவில் புளுட் மாவு) 45 கிராம், பச்சரிசி மாவு 35, கோதுமை ஸ்டார்ச் 20, பொடித்த சர்க்கரை 50, பால் 185, வாசனை இல்லாத எண்ணெய் 20 கிராம். கோதுமை ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் கார்ன்ஃபிளார் போடலாம். மைதா மட்டும் வேண்டாம்.

பூரணத்துக்கு: 150 கிராம் பாசிப்பருப்பை ஊறவைத்து, குழைய வேகவைத்து மசியுங்கள். 70 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் திரளும் வரை கிளறுங்கள். கொழுக்கட்டைப் பூரணம் செய்து பழகிய கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆறியதும் 25 கிராம் உருண்டைகளாகப் பிடித்து வையுங்கள்.

1. தோலுக்கான எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலக்கி, அரை மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். பச்சை நிறம் வேண்டுமென்றால் பாலில் கொஞ்சத்தைக் குறைத்து பாண்டான் (ரம்பை இலை) சாறு ஊற்றலாம். நீலத்துக்குச் சங்குப்பூ.

2. அகலமான தட்டில் ஊற்றி, மிதமான தீயில் 20 முதல் 25 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். நடுவில் பால்போல் நீர் தெரிந்தால் இன்னும் வேகவில்லை.

3. வெந்ததும் மேலே எண்ணெய் பிரிந்து மினுமினுவென்று நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள்! சூடாக இருக்கும்போதே கரண்டியால் அடித்துக் கலக்குங்கள், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிசையுங்கள். எண்ணெய் முழுவதும் உள்ளே போய், மாவு வழுவழுப்பாக இழுபடும். மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

4. தூவுவதற்கு இரண்டு மேசைக்கரண்டி பசையரிசி மாவை வெறும் வாணலியில், லேசாக நிறம் மாறும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். பச்சை மாவைத் தூவக் கூடாது. இதற்கப்புறம் வேகவைக்கும் வேலையே கிடையாது.

5. மாவில் 25 கிராம் எடுத்துத் தட்டி, பூரணம் வைத்து மூடுங்கள். வறுத்த மாவில் புரட்டி, அச்சுக்குள் வைத்து அழுத்தித் தள்ளினால் பூவேலைப்பாட்டோடு வெளியே வரும். டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

யாருக்காவது கொடுக்க நினைத்தால் விழாவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்கும் சைவக்காரர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: பழைய முறையில் பன்றிக்கொழுப்பும் உப்பிட்ட வாத்து முட்டைக் கருவும் சேரும்.

விழா அன்று

இரவுச் சாப்பாடு உங்களுக்குக் கைவந்ததாக இருக்கட்டும். தைவானில் வீட்டு வாசலிலேயே இறைச்சி சுட்டுச் சாப்பிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நிலா மேசைக்கு மூன்கேக், பம்பளிமாஸ், தோலோடு அவித்த சேப்பங்கிழங்கு போதும். பம்பளிமாஸின் தோலைக் கிண்ணம்போல் உரித்தெடுத்தால் குழந்தைகள் அதைத் தொப்பியாக மாட்டிக்கொள்வார்கள்.

கடையில் வாங்கிய பெரிய மூன்கேக்கை முழுசாக யாரும் சாப்பிடுவதில்லை. எட்டுத் துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கூடவே சர்க்கரை போடாத ஊலாங் அல்லது பூஅர் டீ. பால் டீ வைத்தால் திகட்டிவிடும்.

குழந்தைகளுக்குக் காகித விளக்கு வாங்கும்போது மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்காகப் பாருங்கள். விளக்கில் விடுகதை எழுதி ஒட்டுவதும் சீன வழக்கம்தான், தமிழ் விடுகதையே எழுதலாம். அப்படியே கதையும் சொல்லுங்கள்: பத்துச் சூரியன்களில் ஒன்பதை வீழ்த்திய வில்லாளி ஹோ யீ, சாகாவரம் தரும் மருந்தைக் குடித்து நிலாவுக்குப் போய்விட்ட அவன் மனைவி சாங் அ, அங்கே மருந்து இடிக்கும் முயல்.

மழை வந்தாலும் கவலையில்லை. பதினைந்தாம் நாள் நிலா பதினாறாம் நாள்தான் முழு வட்டம் என்று சீனர்களே சொல்வார்கள். மீதி மூன்கேக்கை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் இரவு கூப்பிடுங்கள்.