சிபி1-ஐத் தீண்டாமல் சிபி2-ஐத் தூண்டும் மூலக்கூறை வடிவமைக்கும் முறை

கஞ்சாச் செடியிலுள்ள டிஎச்சி, நம் உடலின் சிபி1, சிபி2 ஆகிய இரு கன்னபினாய்டு ஏற்பிகளோடும் (உயிரணுவின் மேற்பரப்பில் இருந்து வேதிப்பொருளை உணரும் புரதங்கள்) ஏறத்தாழ ஒரே வலிமையுடன் பிணைகிறது. போதையை உண்டாக்குவது மூளையில் செறிந்திருக்கும் சிபி1. சிபி2 பெரும்பாலும் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் காணப்படுகிறது. சிபி1-இன் மரபணு 1990-இலும், சிபி2-இன் மரபணு 1993-இலும் அடையாளம் காணப்பட்டன. அழற்சியையும் வலியையும் போதையின்றித் தணிக்க விரும்பும் வேதியியலாளர் சிபி2-ஐ மட்டும் தூண்டும் மூலக்கூறைத் தேடுவது இதனால்தான்.

முதலில் இடையூறு எங்கே என்று பார்க்க வேண்டும். இவ்விரு ஏற்பிகளின் அமினோ அமில வரிசை மொத்தத்தில் 44 விழுக்காடுதான் ஒத்திருக்கிறது. ஆனால் மருந்து அமரும் குழி உள்ள, உயிரணுச் சவ்வை ஊடுருவி நிற்கும் சவ்வூடு பகுதியில் அந்த ஒப்புமை 68 விழுக்காடாக உயர்கிறது. குழிகள் இவ்வளவு நெருங்கியவை என்பதால், கணினியில் மூலக்கூறைப் பொருத்திப் பார்த்துக் கிடைக்கும் மதிப்பெண்ணை மட்டும் நம்பி, ஆய்வகத்தில் அதைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்குவது வீண். 2019-இல் வெளியான சிபி2 படிகக் கட்டமைப்பு இன்னொரு எச்சரிக்கையையும் தந்தது: அதில் பிணைந்திருந்த ஏஎம்10257 என்னும் சேர்மம் சிபி2-ஐத் தடுக்கிறது, சிபி1-ஐயோ தூண்டுகிறது. எதில் எவ்வளவு பிணைகிறது என்பதோடு, பிணைந்தபின் எத்திசையில் இயக்குகிறது என்பதையும் தொடக்கத்திலிருந்தே கேட்க வேண்டும்.

தொடங்குவதற்கு நல்ல வழிகாட்டி பழைய சேர்மங்களே. டிஎச்சி போன்ற கட்டமைப்புகளில் சிபி1 பெரிதும் நாடுவது பீனால் ஹைட்ராக்சில் தொகுதியை (வளையத்தில் ஒட்டியுள்ள ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை). சிபி2-க்கு அது அவ்வளவு இன்றியமையாததன்று. சிபி2-ஐ நாடும் ஹெச்யு-308 என்னும் செயற்கைச் சேர்மத்தில் அத்தொகுதிகள் மெத்தில் ஈதர்களாக மூடப்பட்டிருக்கின்றன. ஜேடபிள்யூஎச்-133 என்னும் மற்றொன்றில் அது அறவே நீக்கப்பட்டிருக்கிறது. ஹெச்யு-308 சிபி2-உடன் சுமார் 23 நானோமோலார் செறிவு அளவில் பிணைகிறது (எண் சிறிதானால் பிணைப்பு வலியது). சிபி1-உடன் 10,000 நானோமோலார் வரை குறிப்பிடத்தக்க பிணைப்பு இல்லை. அதாவது தேர்திறன் (ஒரு ஏற்பியை விட மற்றதை நாடும் அளவு) 400 மடங்குக்கும் மேல். ஒரே வகைத் தொகுதியில் செய்த மாற்றம் இவ்வளவு பயன் தருவது இத்துறையில் அரிது.

அளவிடும்போது, ஒவ்வொரு மூலக்கூறையும் இரு ஏற்பிகளிலும் ஒரே நாளில், ஒரே கரைசலிலிருந்து சோதிக்க வேண்டும். இச்சேர்மங்கள் எண்ணெய்த் தன்மை மிக்கவை. நீர்க்கரைசலில் நீர்த்துக்கொண்டே போகும்போது பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. 100 நானோமோலார் என்று குறிப்பேட்டில் எழுதியிருப்போம், ஏற்பியைச் சென்றடைவது அதில் ஒரு பங்காகவே இருக்கும். அமில அளவை நிலைநிறுத்தும் தாங்கல் கரைசலில் ஆல்புமின் என்னும் புரதத்தைச் சிறிது சேர்ப்பதும், குழாய்களை முன்கூட்டியே சிலிக்கோன் பூச்சிட்டு வைப்பதும் இந்த இழப்பைக் குறைக்கும். ஒரு ஏற்பிக்குச் செவ்வாயிலும் மற்றதற்கு வெள்ளியிலும் எடுத்த எண்களை வகுத்துத் தேர்திறன் என்று அறிவிப்பதை நான் ஏற்பதில்லை.

பிணைப்புக்குப் பின் செயல்பாட்டுச் சோதனை: உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் சுழல் ஏஎம்பி குறைகிறதா, தூண்டப்பட்ட ஏற்பியோடு இணையும் பீட்டா-அரெஸ்டின் என்னும் புரதம் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். மனித ஏற்பியோடு எலி ஏற்பியையும் சேர்த்தே சோதிப்பது அவசியம். ஏஎம்1241 என்னும் சிபி2 சேர்மத்தின் கலவை வடிவம் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களின் கலவை) மனித சிபி2-ஐத் தூண்டியது, எலியினுடையதில் எதிர்த்திசையில் இயங்கியது. மனித ஏற்பியின் எண்களை மட்டும் பார்த்து விலங்குச் சோதனைக்குப் போனவருக்கு எதுவும் விளங்கியிராது.

மூலக்கூறு உடலில் எங்கே செல்கிறது என்பதும் வடிவமைப்பின் பகுதியே. சிபி1-ஐத் தேர்ந்து தடுத்த ரிமோனபான்ட், உடற்பருமனுக்காக 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றியதால் 2008-இல் நிறுத்தப்பட்டது. அது தவறான ஏற்பியைத் தொடவில்லை; சரியான ஏற்பியை மூளையில் தொட்டது. சிபி2 மருந்திலும் முனைவுத் தன்மையுள்ள (நீரை நாடும்) தொகுதிகளைச் சேர்த்து மூளை நுழைவைக் குறைத்தால், எஞ்சியிருக்கும் சிறிதளவு சிபி1 பிணைப்பினால் வரும் தொல்லையும் குறையும்.

இறுதியாக, சிபி2 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் அதே மருந்தைச் செலுத்துங்கள். அவற்றிலும் வலி தணிந்தால், அந்த விளைவு வேறெங்கோ இருந்து வருகிறது. எந்தப் புரதத்திலிருந்து என்று தேடும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.