குளிர்ல பாடி ஃபேட் மிஷின் பார்க்கறது எப்படி: குன்னூர்ல இருந்து ஒரு செய்முறை

போன ஜனவரில ஒரு நாள் காலைல ஆறரை மணிக்கு எங்கம்மா வெறுங்கால்ல வெளிய போய் விறகு எடுத்துட்டு வந்த கையோட பாடி ஃபேட் மிஷின்ல (எடையோட உடம்புல எத்தனை சதவீதம் கொழுப்புன்னும் காட்டற மிஷின்) ஏறி நின்னாங்க, 38.4 சதவீதம்னு காட்டுச்சு. அம்மா முகமே மாறிடுச்சு. அடுப்புப் பக்கத்துல உக்கார வெச்சு கால் நல்லா சூடானப்புறம் எட்டு மணிக்கு திரும்ப ஏறச் சொன்னேன், 35.9. அம்மாவோட 54 கிலோவுக்கு கணக்குப் போட்டா ஒரு கிலோவுக்கு மேல கொழுப்பு ஒன்றரை மணி நேரத்துல காணாமப் போயிருக்கணும், அப்படியெல்லாம் போகாது. குளிர்ந்த தோல் கரண்டுக்கு தடையைக் கூட்டும், தடை கூடினா மிஷின் அதை கொழுப்புன்னு எடுத்துக்கும், அவ்வளவுதான் விஷயம். இப்ப நிறைய பேர் இந்த மிஷினை ஆன்லைன்ல வாங்கறீங்க, நம்ம ஊர் குளிருக்கு எப்படி யூஸ் பண்ணணும்னு சொல்றேன்.

முதல்ல அது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கங்க. கால் வைக்கற எடத்துல நாலு தகடு இருக்கும். அது வழியா ரொம்ப சின்ன கரண்ட், ஒரு மில்லியாம்பியருக்கும் கம்மி, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சில (நொடிக்கு 50,000 தடவை அதிர்றது), ஒரு கால்ல ஏறி இன்னொரு கால்ல இறங்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது. தசையில தண்ணியும் உப்பும் இருக்கறதால கரண்ட் ஈஸியா போகும், கொழுப்புல அவ்வளவா போகாது. எவ்வளவு தடைன்னு ஓம்ல அளந்து அதோட உங்க உயரம், எடை, வயசு, ஆணா பெண்ணான்னு சேர்த்து ஒரு ஃபார்முலால போட்டு நம்பர் காட்டுது. கொழுப்பை நேரா அளக்கறதே இல்ல. அதுவும் கால்ல மட்டும் நிக்கற மிஷின்ல கரண்ட் காலும் இடுப்பும் சுத்திட்டு வந்துடும், கை, நெஞ்செல்லாம் குத்துமதிப்புதான்.

பேஸ்மேக்கர் வெச்சிருக்கறவங்க ஏறவே கூடாது. மாசமா இருக்கறவங்களும் வேண்டாம்.

இப்ப செய்முறை. மிஷினோட போன் ஆப்ல உயரத்தை சரியா போடுங்க, ஃபார்முலால உயரத்தை வர்க்கம் பண்ணி தடையால வகுக்கறாங்க, அதனால ரெண்டு சென்டிமீட்டர் தப்பா போட்டாலே ரிசல்ட் மாறும். எஸ்டேட் வேலை பார்க்கறோம் தினம் மேடு ஏறறோம்னு அத்லீட் மோட் போட்டுடாதீங்க, அது பல வருஷமா தினம் டிரெயினிங் பண்றவங்களுக்கு வேற ஃபார்முலா. மிஷினை சிமெண்ட் தரையில இல்லன்னா டைல்ஸ் மேல சமமா வைங்க, கம்பளம் மேல வேண்டாம்.

நேரம் காலைலதான், எழுந்து பாத்ரூம் போயிட்டு, டீ கூட குடிக்கறதுக்கு முன்னாடி. ஏன்னா ஏறறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர் தண்ணி குடிச்சா எடை ஒரு கிலோ கூடும், ஆனா வயித்துல இருக்கற தண்ணி தடையைக் குறைக்காது, மிஷின் அந்த கிலோவையும் கொழுப்புக் கணக்குல சேர்த்துடும்.

அடுத்தது கால், நம்ம ஊர்ல இதுதான் முக்கியம். பத்து நிமிஷமாவது சாக்ஸ் போட்டோ அடுப்புக்கிட்டயோ கால் சூடாகட்டும், அப்புறம் சாக்ஸை கழட்டிட்டு ஈரத்துணியால பாதத்தை துடைங்க. எங்கம்மா குதிகால்ல பித்தவெடிப்பு, தோல் மரக்கட்டை மாதிரி தடிச்சு, வெடிப்புக்குள்ள செம்மண் ஏறி கறுத்துப் போயிருக்கும், அந்த காஞ்ச தோல் தகட்டோட சரியா ஒட்டாது. ஈரத்துணியில ரெண்டு தடவை துடைச்சப்புறம்தான் நம்பர் தினம் தினம் ஆடாம நின்னுச்சு. ரெண்டு தொடையும் ஒண்ணோட ஒண்ணு உரசாம நில்லுங்க.

ஒரு நாள் நம்பரை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. வாரத்துல மூணு நாள் ஒரே மாதிரி எடுத்து நோட்ல எழுதி சராசரி போடுங்க, நாலு வாரம் கழிச்சுப் பாருங்க.

இப்ப தண்ணி. கொழுப்பு போக மீதி உடம்புல சுமார் 73 சதவீதம் தண்ணி. அம்மாவுக்கு கொழுப்பு 36ன்னா மீதி 64, அதுல 73 சதவீதம் கிட்டத்தட்ட 47. உங்க மிஷின்ல 'பாடி வாட்டர்' நம்பரையும் இதே மாதிரி போட்டுப் பாருங்க, பெரும்பாலும் பக்கத்துலதான் வரும், ஏன்னா ரெண்டும் ஒரே தடையில இருந்து வர்ற கணக்கு. அதனால உடம்புல தண்ணி வத்தினா மிஷின் தண்ணி கம்மின்னு மட்டும் சொல்லாது, கொழுப்பு ஏறிடுச்சுன்னும் காட்டும். ஆஸ்பத்திரில இருக்கற பல ஃப்ரீக்வென்சி மிஷின் வேற. குறைஞ்ச ஃப்ரீக்வென்சி கரண்ட் செல்லுக்கு வெளிய இருக்கற தண்ணியிலயே சுத்தும், அதிக ஃப்ரீக்வென்சி செல்லுக்குள்ளயும் போகும், அதை வெச்சு உள்ள எவ்வளவு வெளிய எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்ப்பாங்க.

குளிர்ல தாகம் எடுக்காது, ஆனா மூத்திரம் அதிகமா போகும். இதோட எங்கம்மா கொழுந்து பறிக்கப் போற காட்டுல ஒதுங்க எடம் இல்லன்னு மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டாங்க, எனக்கு கொழுப்பு நம்பரை விட இதுதான் கவலை. இதுக்கு வீட்டு மிஷின்ல எடையை மட்டும் பாருங்க: மேடு ஏறற வேலைக்கோ நடைக்கோ முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சதும் வேர்வையைத் துடைச்சுட்டு அதே துணியில ஒரு தடவை, நடுவுல எதுவும் சாப்பிடாம, பாத்ரூம் போகாம. 600 கிராம் குறைஞ்சிருந்தா ஏறக்குறைய 600 மில்லி தண்ணி போயிருக்கு, அதை அடுத்த ஒரு மணி நேரத்துல வெதுவெதுன்னு கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. மூத்திரம் கடும் டீ கலர்ல போனா அன்னைக்கு மிஷின்ல ஏறவே வேண்டாம், ரெண்டு நாள் ஒழுங்கா தண்ணி குடிச்சப்புறம் எடுங்க.